ஐந்து கிராமுக்கு ஒரு சண்டை

கேள்வி: நாங்கள் சேலம் செவ்வாய்பேட்டையில் இருக்கிறோம். என் கணவருக்கு 49 வயது. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. காலையில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுவார். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எல்.டி.எல். 166, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 220 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "எண்ணெயைக் குறைங்க" என்றார். அன்றிலிருந்து வீட்டில் எண்ணெய்ச் சண்டைதான். மாமியார் செக்குக் கடலை எண்ணெயை விடமாட்டேன் என்கிறார். மகன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய்தான் இதயத்துக்கு நல்லது என்கிறான். பக்கத்து வீட்டு அக்கா சூரியகாந்திக்கு மாறச் சொல்கிறார். நான்கு பேருக்கு மாதம் 4 லிட்டர் எண்ணெய் ஆகிறது. முட்டையை அடியோடு நிறுத்திவிட்டோம். எந்த எண்ணெய் வாங்குவது? சாப்பாட்டிலேயே சரிசெய்து மாத்திரையைத் தவிர்க்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு, அவர் ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒரு நோட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தீர்கள். கேள்வியைவிட அந்தத் தாள்தான் எனக்கு அதிகம் உதவியது. என்னிடம் வருகிறவர்களில் பலர் "எண்ணெய் எல்லாம் கம்மிதாங்க" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். நீங்கள் சாயங்காலத் தட்டுவடை செட்டைக்கூட மறைக்கவில்லை.

தாளை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். நான் தேடியது மொத்தக் கொழுப்பை அல்ல, நிறைவுற்ற கொழுப்பை மட்டும். சாப்பாட்டிலிருந்து, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.லை ஏற்றிவிடுவதில் பெரும்பங்கு அதற்குத்தான். நெய், தேங்காய், பாமாயில், பாலாடை, ஆட்டுக்கறியின் வெள்ளைக் கொழுப்பு, இவற்றிலெல்லாம் அது அதிகம். சும்மா வைத்தாலே உறைந்து நிற்கிற கொழுப்பில் அது கூடுதலாக இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் டிசம்பர் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் எப்போதும் போல ஒழுகும்.

காலை இட்லி, தோசைக்கு தினமும் ஒரு மூடித் தேங்காயில் சட்னி அரைக்கிறீர்கள். ஒரு மூடியில் சுமார் 160 கிராம் பருப்பு இருந்தால் அவர் பங்கு 40 கிராம். தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அந்தக் கொழுப்பில் பத்துக்கு ஒன்பது பங்கு நிறைவுற்றது. ஆக 12 கிராம். அடுத்து பால். ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு. நாளைக்கு நான்கு டம்ளர் காபி, டீ என்று எழுதியிருக்கிறீர்கள். டம்ளருக்கு 100 மில்லி பால் என்று வைத்தால் 24 கிராம் கொழுப்பு, அதில் நிறைவுற்றது 15 கிராம். பருப்புக்கும் தோசைக்குமாக நெய் இரண்டு டீஸ்பூன், அது 6 கிராம். சாயங்காலம் பட்டறைக்குப் பக்கத்து வண்டியில் தட்டுவடை செட், சில நாள் பஜ்ஜி. தள்ளுவண்டியில் பெரும்பாலும் பாமாயில்தான், எனவே அதில் ஒரு 6 கிராம். கடைசியாக உங்கள் சமையல் எண்ணெய். மாதம் 4 லிட்டரை நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 30 கிராம். கடலை எண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே நிறைவுற்றது. ஆக 5 கிராம்.

கூட்டினால் 44.

ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். எல்.டி.எல். ஏற்கெனவே ஏறியிருப்பவர்களுக்கு அமெரிக்க இதய சங்கம் சொல்வது 5 முதல் 6 சதவீதம், அதாவது 13 கிராமுக்குள். உங்கள் வீட்டுக்காரர் 44இல் நிற்கிறார். அந்த 44இல் எண்ணெய் டின்னுக்கு உரியது வெறும் 5. சூரியகாந்திக்கு மாறினால் அந்த 5 ஒரு 3 ஆகும், அவ்வளவுதான். ஒரு மாதமாக நீங்கள் நால்வரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்த 2 கிராம் வித்தியாசத்துக்காக. மிச்சம் 39 கிராமும் சட்னிக் கிண்ணத்திலும் காபி டம்ளரிலும் நெய்யிலும் தட்டுவடை செட்டிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தக் கொழுப்பு ஏன் எல்.டி.எல்.லை ஏற்றுகிறது என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் பட்டறையை வைத்தே சொல்லிவிடலாம். கொலுசை அராவும்போது சிதறுகிற வெள்ளி அரப்பொடியை யாரும் குப்பையில் போடுவதில்லை. கூட்டி அள்ளி மறுபடி உருக்குகிறார்கள். கல்லீரலும் அதையே செய்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றுகிற எல்.டி.எல். துகள்களை, தன் செல்களின் மேலுள்ள ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்து, அவை எப்படி வேலை செய்கின்றன என்று காட்டிய பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்கர்களுக்கு 1985இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. கூட்டுகிற ஆள் குறைந்த பட்டறை மாதிரி பொடி தேங்குகிறது. கடலை, எள், சூரியகாந்தி எண்ணெய்களில் இருக்கிற நிறைவுறாக் கொழுப்பு அந்த இடத்துக்கு வந்தால் கூட்டுகிற ஆட்கள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

"அந்த இடத்துக்கு வந்தால்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கொழுப்பு விஷயத்தில் எதை விட்டோம் என்பது பாதிக் கணக்குதான். விட்ட இடத்தில் எதை வைத்தோம் என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும். தினம் 11 கிராம் நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு, அதே கலோரிக்கு எள், சூரியகாந்தி எண்ணெயில் உள்ள பன்மை நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் எல்.டி.எல். ஏறக்குறைய 10 மில்லிகிராம் இறங்கும். அதே இடத்தைச் சோற்றாலும் மைதாவாலும் சர்க்கரையாலும் நிரப்பினால் 6 இறங்குவதே பெரிது. கூடவே டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். சரியும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு நெசவாளரிடம்தான் நன்றாகக் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில் எல்லோருக்கும் ஒரே அச்சடித்த தாளைக் கொடுப்போம். "எண்ணெய், நெய் தவிர்க்கவும்" என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். அம்மாபேட்டையிலிருந்து வந்த அந்த மனிதர் தாளை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் தாளிப்புக்கூட இல்லாமல் சாப்பிட்டார். பசி தாங்காமல் வேளைக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டார், தறியில் உட்காரும்போது பன்னும் டீயும். திரும்பி வந்தபோது எல்.டி.எல். கொஞ்சம்தான் குறைந்திருந்தது, டிரைகிளிசரைடு 300ஐத் தாண்டியிருந்தது. "நீங்க சொன்னபடிதானம்மா செஞ்சேன்" என்றார். உண்மைதான், சொன்னபடியே செய்திருந்தார். அந்தத் தாளை அதற்குப் பிறகு நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

சரி, மகனின் தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். அவன் பார்த்த வீடியோவில் இரண்டு வாதம் இருந்திருக்கும். ஒன்று, தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அது நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்பது. அப்படி நடந்துகொள்கிற 8, 10 கார்பன் அமிலங்கள் தேங்காய் எண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். பாதியளவுக்கு இருப்பது லாரிக் அமிலம். பெயரளவில் நடுத்தரம் என்றாலும், உடம்புக்குள் அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பு போகிற வழியிலேயே போகிறது, எல்.டி.எல்.லையும் ஏற்றுகிறது. எச்.டி.எல்.லும் கூடவே ஏறும் என்பது உண்மை. 2020இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி, கடலை போன்ற எண்ணெய் சாப்பிட்டவர்களைவிடத் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 10 மில்லிகிராம் அதிகம், எச்.டி.எல். 4 மில்லிகிராம் அதிகம். 4 கூடியதற்காக 10ஐ வாங்கிக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு வாதம் தேங்காயையே தின்று வாழ்ந்த பசிபிக் தீவு மக்களைப் பற்றியது. இதுவும் பொய்யில்லை. டொக்கெலாவ், புக்காப்புக்கா என்ற இரண்டு தீவுகளில் நடந்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. இரண்டு இடத்திலும் இதய நோய் அபூர்வம்தான். ஆனால் வீடியோவில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தேங்காய் அதிகம் சாப்பிட்ட டொக்கெலாவ்காரர்களுக்குத்தான் கொலஸ்ட்ராலும் அதிகமாக இருந்தது. மீனும் பலாப்பழம் போன்ற ஈரப்பலாவும் தின்று, படகு வலித்து, சர்க்கரையை அதிகம் பார்க்காமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். மகனிடம் இதைச் சொல்லிவிட்டு, அப்பா நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

இதற்காகத் தேங்காயை வீட்டைவிட்டே விரட்ட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் தேங்காய்ச் சட்னி இருக்கட்டும். மற்ற நாளில் கடலைச் சட்னி, தக்காளிச் சட்னி, கொத்தமல்லித் துவையல். வறுத்த நிலக்கடலையை அரைத்தால் அதே கெட்டித்தன்மை கிடைக்கும், கொழுப்பின் வகையும் மாறிவிடும். பொரியலுக்குத் தேங்காய்ப்பூ தூவுவதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது எண்ணெய் டின். மாமியார் ஜெயித்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள். கடலை எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, மூன்றில் ஒரு பங்கு பன்மை நிறைவுறாக் கொழுப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்லெண்ணெய் இன்னும் ஒரு படி மேல். நிறைவுற்றது அதில் 15 சதவீதம்தான். இரண்டையும் மாற்றி மாற்றி வாங்குங்கள். சூரியகாந்தி வாங்கினாலும் தப்பில்லை, தவிட்டு எண்ணெயும் நல்லதே. இவற்றுக்குள் இருக்கிற வித்தியாசம் உங்கள் வீட்டுச் சண்டைக்கு லாயக்கில்லாதது.

செக்கா, ரீஃபைண்டா என்பதற்கும் ஒரு வார்த்தை. சுத்திகரிக்கும்போது நிறமும் மணமும் சில நுண்சத்துகளும் போகும். கொழுப்பு அமிலங்களின் விகிதம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். எல்.டி.எல். கணக்கில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. எனக்கே செக்கு எண்ணெயின் வாசனைதான் பிடிக்கும், ஆனால் அது நாக்கின் விஷயம். "செக்கு எண்ணெய்தானே, எவ்வளவு ஊற்றினால் என்ன" என்று கை தாராளமாகிவிடுவதுதான் நான் பல வீடுகளில் பார்க்கிற ஆபத்து. பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று இதயப் படம் போட்டிருப்பதையும் கண்டுகொள்ள வேண்டாம். செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் கொள்ளும்படி இருக்காது. பாமாயிலில்கூட இல்லை. ஏற்றிவிடுவது அதிலிருக்கிற நிறைவுற்ற கொழுப்புதான்.

அளவை மட்டும் 4 லிட்டரிலிருந்து 3 ஆக்குங்கள். மாதம் பிறந்ததும் மூன்று லிட்டரையும் எடுத்து வைத்து, வாரத்துக்கு முக்கால் லிட்டர் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். தூக்கிலிருந்து வாணலிக்கு நேராகச் சாய்க்கிற பழக்கத்தை நிறுத்தி, டீஸ்பூனால் எடுங்கள். ஒரு டீஸ்பூன் 5 கிராம். புதன்கிழமையே பாட்டில் காலியானால் யாரும் யாரையும் திட்ட வேண்டாம், அன்றைக்கு என்ன பொரித்தோம் என்று யோசித்தால் போதும். என் வீட்டிலும் இந்தப் பாட்டில்தான். தீபாவளி வாரத்தில் அது படுதோல்வி அடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலில்தான் உங்களுக்குச் சுலபமான வெற்றி. ஆரஞ்சு பாக்கெட்டை விட்டு 3 சதவீதக் கொழுப்புள்ள நீல பாக்கெட்டுக்கு வாருங்கள், நான்கு டம்ளரை இரண்டாக்குங்கள். 15 கிராம் 4 ஆகிவிடும். முதல் வாரம் "காபியா இது, கழுநீரா" என்று கேட்பார். டிகாஷனைக் கொஞ்சம் கெட்டியாக இறக்குங்கள், பழகிவிடும்.

காபி என்றதும் ஒன்று. ஏற்காட்டிலிருந்து மச்சாண்டார் அனுப்புகிற எஸ்டேட் காபித்தூளை மாமியார் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து அந்த மலைக்கும் நம் டம்ளருக்கும் உறவு. அதில் நான் கை வைக்கப்போவதில்லை. ஆனால் காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் இருக்கிறது. கொலஸ்ட்ரால் என்று பெயரில்லாவிட்டாலும் அது எல்.டி.எல்.லை ஏற்றும். மலையில் விளைகிற அராபிக்காவில் அது கூடுதல். தூளைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் அப்போது இருந்த நார்வேயில், டிராம்சோ நகரத்து ஆய்வு 1983இல் முதலில் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது. பிறகுதான் கஃபெஸ்டால் பிடிபட்டது. காகித வடிகட்டி அதை அநேகமாக முழுசாகப் பிடித்துவிடும். நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரில் கொதிக்கவைத்த காபியைவிடக் குறைவாக இறங்கும், காகிதத்தைவிட அதிகமாக. எனவே கொதிக்கவைப்பதை நிறுத்தி ஃபில்டருக்கு வாருங்கள். அடியில் தங்கும் மண்டியை டம்ளரில் சேர்க்காதீர்கள். முடிந்தால் ஃபில்டரின் மேல் கிண்ணத்தில், தூளுக்கு அடியில், வட்டமாக வெட்டிய காபி வடிகட்டும் தாளைப் போட்டுப் பாருங்கள். சிக்கரி கலந்த தூளானால் அந்தப் பங்குக்குக் கஃபெஸ்டால் இல்லை. பெரிய எதிரி இதுவல்ல, பாலும் சட்னியும்தான். இருந்தாலும் செலவில்லாத மாற்றம் என்பதால் சொல்கிறேன்.

இனி தட்டுவடை செட். இதைத் தடை செய்தால் சேலத்துக்காரர் யாரும் என் பேச்சைக் கேட்கமாட்டார். பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் பச்சைச் சட்னி, காரச் சட்னியும் நடுவில் இருப்பதெல்லாம் உத்தமம். குறை, மேலும் கீழும் இருக்கிற அந்த இரண்டு தட்டையில்தான். அவை பொரிந்த எண்ணெய் என்ன, அது எத்தனையாவது நாள் என்பது நமக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் சிதைந்து வேறு பொருட்களாகிவிடும். அந்தச் சிதைவு 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது 2018லிருந்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தள்ளுவண்டியில் அதை அளக்கிற கருவியோடு யாரும் நிற்பதில்லை. எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், இழுத்தால் பிசுக்கென்று இருந்தால் அந்த வண்டியைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் செட். மற்ற நாளில் பட்டறைக்கு ஒரு டப்பாவில் சுண்டலோ, ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ கொடுத்தனுப்புங்கள். சுண்டலில் இருக்கிற கரையும் நார் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வெளியே போகும். கொள்ளு ரசமும் வெந்தயமும் அதே ஜாதி. ஆட்டையாம்பட்டி முறுக்கு வந்தால் ஒன்றிரண்டோடு டப்பாவை மூடி மேல் பரணில் வைத்துவிடுங்கள்.

பேக்கரி பஃப்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, தாளில் மட்டும் "எப்போதாவது" என்று இருக்கிறது. வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புதான் இருப்பதிலேயே மோசமானது. அது எல்.டி.எல்.லை ஏற்றும்போதே எச்.டி.எல்.லை இறக்கிவிடும். நெதர்லாந்தில் 1990இல் நடந்த ஆய்வு இதைக் காட்டும்வரை, வெண்ணெய்க்கு இது மேல் என்றே உலகம் நம்பிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் வனஸ்பதியிலும் 2 சதவீதத்துக்கு மேல் டிரான்ஸ் கொழுப்பு கூடாது. நல்ல விதிதான். ஆனால் பஃப்ஸ் அடுக்கடுக்காக நிற்க உறைகிற கொழுப்பு ஒன்று வேண்டும். டிரான்ஸ் போன இடத்தில் பெரும்பாலும் பாமாயிலின் கெட்டிப் பகுதி வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த "எப்போதாவது" அப்படியே இருக்கட்டும், "அடிக்கடி" ஆகாமல்.

முட்டையை நிறுத்தியதில் எனக்கு வருத்தம். ஒரு மஞ்சள் கருவில் 185 மில்லிகிராம் போலக் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. ஆனால் நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து கொஞ்சம் கூடினால் பெரும்பாலோருக்கு உள்ளே தயாரிப்பு குறைந்து சரிக்கட்டிவிடும். ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு 2 கிராம்கூட இல்லை. அதை நிறுத்திவிட்டு, 6 கிராம் உள்ள தட்டுவடை செட்டைத் தொடர்வது என்ன நியாயம்? வாரத்தில் மூன்று நான்கு முட்டை வேகவைத்துக் கொடுங்கள். ஆட்டுக்கறி மாதம் இரண்டு தடவை என்றால் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டுச் சமையுங்கள். மத்தி மீன் கிடைத்தால் குழம்பு வையுங்கள். அது டிரைகிளிசரைடுக்கு நல்லது. வறுத்துவிட்டால் பாதி நன்மை வாணலியோடு போய்விடும்.

டிரைகிளிசரைடு 220க்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை. மூன்று வேளையும் அரிசி, நான்கு டம்ளரிலும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை, அப்புறம் தாளின் அடியில் பொடி எழுத்தில் "ஞாயிறு மட்டும் கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. கல்லீரல் சாராயத்தையும் கூடுதல் சர்க்கரையையும் டிரைகிளிசரைடாகத்தான் மாற்றி வெளியே அனுப்பும். அந்தப் பொடி எழுத்தை அழித்துவிட்டால் நல்லது, வேறு சமரசம் சொல்ல எனக்கு மனமில்லை. இரவுச் சோற்றைப் பாதியாக்கி, மிச்ச இடத்தில் காயும் பருப்பும் வையுங்கள். 38இல் இருக்கும் எச்.டி.எல்.லுக்குச் சாப்பாடு அதிகம் செய்யாது. நடக்க வேண்டும். பட்டறை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியை நடந்தே வரச்சொல்லுங்கள், அரை மணி நேரம் ஆனால் சந்தோஷம். புகையிலைப் பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் விடவேண்டியது அதுதான்.

இனி மாத்திரை. மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்து, நெய்யையும் ஒரு ஸ்பூனாக்கினால் 44 கிராம் ஏறக்குறைய 15க்கு வரும். அதற்கு எல்.டி.எல். 15லிருந்து 25 வரை இறங்கலாம், ஆளுக்கு ஆள் மாறும். அதாவது 166 என்பது 145 பக்கம் வரும். டாக்டர் எழுதியிருப்பது ஸ்டாட்டின் வகை மாத்திரை. நடுத்தர அளவிலேயே அது 30 சதவீதத்துக்கு மேல் இறக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. மாத்திரை வேண்டுமா என்பது எல்.டி.எல். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா என்பதையெல்லாம் சேர்த்து டாக்டர் பார்ப்பார். எனவே என் பதிலைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், அது தெரியாமல் தேங்காயைத் திட்டிக்கொண்டிருப்போம். மாத்திரை தொடங்கிய பிறகு தசைவலி ஏதும் வந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை எடுங்கள், அதே லேபில், 12 மணி நேரம் வெறும் வயிற்றில். அவர் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். நேராக அளந்தது இல்லை, கணக்குப் போட்டு எழுதியது. 248இல் 38ஐக் கழித்து, 220இன் ஐந்தில் ஒரு பங்கான 44ஐயும் கழித்தால் 166, பாருங்கள். டிரைகிளிசரைடு தாறுமாறானால் இந்தக் கணக்கும் தாறுமாறாகும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், மாமியார் கேட்கச் சொன்னதாக ஒரு வரி: "சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் கொழுப்பு ஏறுமா?" ஏறாதுங்க அம்மா. தலையில் வைக்கிற எண்ணெய் இந்தக் கணக்கில் வராது. நன்றாகத் தேய்த்துவிடுங்கள், சீயக்காய் போட்டு அலசச் சொல்லுங்கள். குளித்துவிட்டு வந்ததும் பசிக்கும், அப்போது நெய் ஒரு ஸ்பூன் போதும்.